ஆவுடையாளின் இரண்டாம் தாள்

அனுப்புநர்:
சூ. செல்வராணி (வயது 29),
த/பெ. சூசைராஜ்,
மாதா கோயில் தெரு, ஆவூர்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

பொருள்: புற்றுநோயாளிகளின் மனத்துயரை அளக்கும் கேள்வித்தாளைச் சரிபார்க்கும் ஆய்வு – உதவி கேட்ட நோயாளிக்கு உதவி மறுத்தது – அவர் இறந்த பின் அவர் பெயரில் பொய்யாகத் தாள் எழுதியது – எழுதியவர் இம்மனுதாரரே – உரிய நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவமனையின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு நான் அனுப்பிய கடிதம், நாள் 15.09.2025 (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றவள். புதுக்கோட்டை – திருமயம் சாலையில் உள்ள வள்ளிக்கண்ணு ஆச்சி நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையில் கடந்த சனவரி முதல் செப்டம்பர் வரை ஒப்பந்த முறையில் கள ஆய்வாளராகப் பணியாற்றினேன். இம்மனுவில் எதிரிகள் இருவர். முதலாமவர் ஆய்வின் தலைவரான மருத்துவர் திரு. சூர்யநாராயணன். இரண்டாமவர் நான். என் பெயரை விசாரணையிலிருந்து விலக்க வேண்டும் என்று இம்மனுவில் எங்கும் கேட்கவில்லை.

2. ஆய்வு என்னவென்று முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். புற்றுநோய் வந்தவர்கள் உடம்பில் உள்ள வலியைச் சொல்வார்கள். மனத்தில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டறிய ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. இருபத்திரண்டு கேள்விகள், கடைசியில், துயரம் எவ்வளவு என்று குறிக்கப் பூஜ்ஜியம் முதல் பத்து வரை ஓர் அளவுகோல். அதைத் தமிழாக்கி, தமிழிலும் அது சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதே எங்கள் வேலை. முதல் மூன்று மாதம் சொற்களோடு மல்லுக்கட்டுவதில் போயிற்று. மன உளைச்சல் என்று அச்சிட்ட தாளை நீட்டினால், உளைச்சல் முழங்காலிலா இடுப்பிலா என்று கேட்டார்கள். மனசு கெடந்து அடிச்சிக்கிறதா என்று கேட்டபோது தலையாட்டினார்கள். அந்த வேலையை நான் விரும்பிச் செய்தேன். இதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

3. ஒரு தாள் போதாது. அதே நோயாளியிடம் பதினான்கு நாள் கழித்து அதே தாளை மறுபடி கொடுக்க வேண்டும். ஒரே மூட்டையைத் தராசில் இரண்டு தடவை வைத்தால் ஒரே எடை காட்ட வேண்டும் அல்லவா, அதுபோல. இடையில் நோயாளியின் வாழ்க்கையில் ஒன்றும் மாறாதிருந்தால் இரண்டு தாளும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் கேள்வித்தாள் நம்பத்தக்கது என்று பொருள்.

4. இதில் ஓர் ஆபத்து இருப்பதை ஆய்வு நெறிமுறைக் குழு அறிந்தே இருந்தது. ஆகவே அளவுகோலில் ஆறும் அதற்கு மேலும் குறித்தவர்களுக்கு இரண்டாம் தாள் கிடையாது. அவர்களை இரண்டு நாட்களுக்குள் மனநல ஆலோசகர் சந்திக்க வேண்டும் என்று ஒப்புதல் கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது (இணைப்பு 1). ஒவ்வொரு நோயாளிக்கும் அதை வாசித்துக் காட்டியவள் நான். ஆனால் ஆலோசகர் மே மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த இடம் இன்றுவரை நிரப்பப்படவில்லை. கடிதத்தில் ஆலோசகருக்கென்று அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழைத்தால் மருந்தகத்தில் மணி அடிக்கும்.

5. சூன் மாதக் கூட்டத்தில் மருத்துவர் ஒரு மாற்றம் சொன்னார். துயரம் மிகுந்தவர்களையெல்லாம் விலக்கிவிட்டால் இரண்டாம் சுற்றில் நன்றாக இருப்பவர்களே மிஞ்சுகிறார்கள். அவர்களை வைத்துத் துயரக் கேள்வித்தாளைச் சோதிப்பதில் அர்த்தம் இல்லை. ஆகவே இனி உயர்ந்த எண் குறித்தவர்களையும் வைத்துக்கொள்வோம், இரண்டாம் தாள் முடியும்வரை யாரும் எதுவும் பேச வேண்டாம் என்றார். எழுத்தில் எதுவும் தரவில்லை. கள ஆய்வாளர்கள் நாங்கள் மூவர் அங்கே இருந்தோம். மூவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

6. 12.08.2025 செவ்வாய்க்கிழமை, நான்காவது கீமோ ஊசிக்கு வந்திருந்த திருமதி ஆவுடையாள் (வயது 41) அவர்களிடம் முதல் தாளைக் கொடுத்தேன். கொடும்பாளூரை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். முழு முகவரியைத் தனி உறையில் இணைத்துள்ளேன். மே மாதம் மார்பகத்தில் அறுவை சிகிச்சை ஆனவர். எட்டாம் வகுப்பு படித்தவர் என்பதால் தாளைத் தாமே வாங்கி, ஒவ்வொரு கேள்வியையும் விரல் வைத்து வாசித்துக் குறித்தார். அளவுகோலில் ஒன்பது என்று வட்டமிட்டார். ஏன் ஒன்பது என்று கேட்பது முறை, கேட்டேன். “பத்துங்கிறது எந்திரிக்க மாட்டாதவங்களுக்கும்மா. நாந்தான் ஊசிக்கு வந்துக்கிட்டு இருக்கேனே” என்றார்.

7. அதன்பின் அவர் சொன்னவை தாளில் இடமில்லாதவை. அவருடைய கணவர் திரு. அய்யப்பன் விவசாயி. அறுவை சிகிச்சை முடிந்து வந்த மறுவாரம் மனைவியைத் தோட்டத்து மோட்டார் அறையில் குடிவைத்துவிட்டார். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு செம்பு. வேளைக்கு வேளை சோறு கொண்டுவந்து கிணற்று மேட்டில் வைத்துவிட்டுப் போவார். அவர் போன பின் இவர் எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைக்கு அழைத்து வரும்போதும் பேருந்தில் தள்ளி வேறு இருக்கையில் உட்காருவார். ஒரே மகள் சத்யா பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்கும் நோய் தொற்றிவிடக் கூடாது என்று இலுப்பூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பி, அம்மா திருச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பார்க்க விட மாட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆவுடையாள் மகளைப் பார்த்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

8. கணவரைப் பற்றி அவர் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. “அவரு கெட்டவரு இல்லம்மா, பயந்துபோயி கெடக்காரு” என்றுதான் சொன்னார். சிகிச்சை செய்யும் மருத்துவர் இவரிடம் இது தொற்றாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கணவர் அப்போது அறைக்குள் இல்லை. வீட்டுக்குப் போய் இவர் சொன்னபோது, தனக்காகச் சொல்லிக்கொள்கிறாள் என்று அவர் நம்பவில்லை. ஆகவே என்னிடம் ஒன்று கேட்டார். அவர் சொற்களை அப்படியே தருகிறேன்: “இது ஒட்டுவாரொட்டி இல்லன்னு ஆஸ்பத்திரிக்காரங்க வாயால ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லிருங்கம்மா. வாசல் கேட்டுப் பக்கந்தான் நிக்கிறாரு. சொன்னீங்கன்னா எம்மகளக் கூட்டியாந்து காட்டிருவாரு.”

9. நான் மாடிக்குச் சென்று மருத்துவர் சூர்யநாராயணனிடம் தெரிவித்தேன். அவர் முழுவதும் கேட்டார். அவர் என்றுமே யாரையும் குரல் உயர்த்திப் பேசியவர் அல்லர். அன்றும் உட்காரச் சொல்லித்தான் பேசினார். “இத்தனை மாசமா ஒருத்தரும் கேக்காத கஷ்டம், இன்னும் பதினாலு நாள்ல ஒண்ணும் ஆயிடாது செல்வராணி. நீங்க இப்பப் போய்ப் பேசினா ஒம்பது நாலாயிடும். அப்புறம் அந்தத் தாள் நமக்கு எதுக்கு?” என்றார். பதினைந்தாம் நாள் தானே அந்தக் கணவரை அழைத்துப் பேசுவதாகவும் சொன்னார். என் ஒப்பந்தம் அம்மாத இறுதியில் புதுப்பிக்கப்பட இருந்தது. இது நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம், நியாயம் அல்ல.

10. நான் இறங்கி வாயிலைக் கடந்தபோது திரு. அய்யப்பன் அங்கேதான் நின்றார். துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்து, அவளுக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டார். டாக்டர் சொல்லுவாங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது ஆவுடையாள் வராந்தாவில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

11. பதினான்காம் நாளான 26.08.2025 அன்று, அவருக்கு அடுத்த ஊசி வர ஒரு வாரம் இருந்ததால், இரண்டாம் தாளோடு நானே அவர் ஊருக்குச் சென்றேன். பேருந்தை விட்டு இறங்கித் தோட்டத்துக்கு வழி கேட்டபோது, களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அந்தம்மா சனிக்கிழமையே செத்துப்போச்சே என்றார். வியாழக்கிழமையே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. கீமோ எடுத்துக்கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அதே நாளில் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று சிகிச்சைக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். கையேடு வீட்டில் அலமாரியில் இருந்தது. மோட்டார் அறையில் இல்லை. அவரிடம் தொலைபேசியும் இல்லை. சனிக்கிழமை காலையில் அய்யப்பன் சோறு கொண்டுவந்தபோது, வெள்ளிக்கிழமை காலையில் வைத்த சோறும், பசியில்லை போலும் என்று எண்ணி அதன் பக்கத்திலேயே மாலையில் வைத்த சோறும் கிணற்று மேட்டில் அப்படியே இருந்தன. அதைப் பார்த்துத்தான் அறைக் கதவைத் தள்ளியிருக்கிறார்.

12. வீட்டுக்குச் சென்றேன். போகாமல் திரும்பியிருக்கலாம். வாசலில் நாற்காலிகள் இன்னும் அடுக்கப்படாமல் கிடந்தன. சத்யா என் பையில் இருந்த மருத்துவமனைப் பெயரைப் படித்துவிட்டு அருகில் வந்தாள். அம்மா திருச்சியில்தானே இருந்தாள், எப்போது இங்கே கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள். நான் பையில் இருந்த பெயரைக் கையால் மறைத்தேன். அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். பிறகு கேட்டாள்: “அக்கா, இது ஒட்டுமா?”

ஒட்டாது என்றேன். ஒரு நொடிகூட ஆகவில்லை ஐயா, அதைச் சொல்ல.

நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்த அய்யப்பன் தலையைத் தூக்கிப் பார்த்தார். சத்யா அழவில்லை. எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்தாள். அவர் பின்னால் போனார். “நீங்க வராதீங்கப்பா” என்றாள். அவர் பாதி வழியில் நின்றுவிட்டார். நான் வந்த வழியே பேருந்துக்குத் திரும்பினேன். பையில் தாள் வெறுமையாக இருந்தது.

13. மறுநாள் மருத்துவரிடம் சொன்னேன். பாவம் என்றார். பின்னர், இரண்டாம் சுற்றுக்குக் குறைந்தது முப்பது பேர் வேண்டும், இருப்பது இருபத்தொன்பது என்றார். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் இன்னும் பதினான்கு நாள் ஆகும். அறிக்கை அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. அந்த அம்மா உயிரோடு இருந்திருந்தால் இதே பதில்களைத்தான் சொல்லியிருப்பார், அதில் உங்களுக்குச் சந்தேகம் உண்டா என்று கேட்டார். எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய வாழ்க்கையில் ஒன்றும் மாறவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் நாங்கள்தானே. முதல் தாளைப் பார்த்து எழுதும்படியும், அப்படியே எழுதினால் ஐயம் வரும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் மாற்றும்படியும் சொல்லிவிட்டு அவர் வார்டுக்குப் போனார்.

14. நான் எழுதினேன். கேள்விகள் எல்லாம் 'கடந்த ஏழு நாட்களில்' என்றே தொடங்கும். அந்த ஏழு நாட்களில் கடைசி மூன்று நாட்கள் அவர் உயிரோடு இல்லை. கடந்த ஏழு நாட்களில் உங்களுக்குப் பசி எடுத்ததா? இல்லை என்று குறித்தேன். கடந்த ஏழு நாட்களில் உங்களைக் கவனித்துக்கொள்ள யாராவது அருகில் இருந்தார்களா? இல்லை. கடந்த ஏழு நாட்களில் நன்றாகத் தூங்கினீர்களா? முதல் தாளில் இல்லை என்று இருந்தது. மாற்ற ஓர் இடம் வேண்டும் என்பதால் ஆம் என்று குறித்தேன். அளவுகோலில் எட்டு. கீழே அவர் கையெழுத்து. அவர் ஆவுடையாள் என்று முழுப் பெயரையும் எழுதி, கடைசி எழுத்தின் சுழியை மேலே இழுத்துவிடுவார். வேறொரு காகிதத்தில் ஒன்பது முறை எழுதிப் பழகிய பின் தாளில் போட்டேன். பழகிய காகிதத்தைக் கிழிக்கவில்லை (இணைப்பு 3).

15. அறிக்கையில் இரண்டு சுற்றுக்கும் ஒற்றுமை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று என்று வந்தது. எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளிலும் இக்கேள்வித்தாளைப் பயன்படுத்தத் தங்கள் அலுவலகத்துக்குக் கருத்துரு அனுப்பியிருப்பதாக அன்று மருத்துவர் அறிவித்தார். தங்களுக்கு இம்மனுவை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

16. 15.09.2025 அன்று நெறிமுறைக் குழுவுக்கு மேற்கண்ட அனைத்தையும் எழுதிக் கொடுத்தேன். 18.09.2025 அன்று, நோயாளிகளின் இரகசியத்தைக் காக்கத் தவறியதாக என்னைப் பணியிலிருந்து நீக்கினார்கள் (இணைப்பு 4). சாவியை ஒப்படைக்கச் சென்றபோது மருத்துவர் தம் அறையில் இருந்தார். “நீங்க கையெழுத்துப் போட்டதை நான் பாக்கவே இல்லையே செல்வராணி” என்றார். அதுவும் உண்மைதான். அவர் வார்டுக்குப் போயிருந்தார்.

17. அக்டோபர் இரண்டாம் வாரம் திரு. அய்யப்பன் ஆவூருக்கு என் வீடு தேடி வந்தார். வைதுவிட்டுப் போக வந்திருக்கிறார் என்று என் தந்தை கதவருகே நின்றுகொண்டார். அவர் வையவில்லை. மகள் தாய்மாமன் வீட்டுக்குப் போய்விட்டாள், தன் முகத்தில் விழிப்பதில்லை, அங்கிருந்துதான் பள்ளிக்குப் போகிறாள் என்று சொன்னார். பிறகு, ஊசி போட்ட அன்று கேட்டில் தன்னோடு பேசியது நான்தானா என்று கேட்டார். ஆம் என்றேன். அன்று பேருந்து நிறுத்தத்தில் மனைவி தன்னிடம், “அந்தப் பொண்ணு சொன்னுச்சுல்ல?” என்று கேட்டதாகவும், எதைக் கேட்கிறாள் என்று தெரியாமல், டாக்டர் சொல்வார் என்று நான் சொன்னதைத்தான் கேட்கிறாள் என்று எண்ணி, சொன்னுச்சு என்று பதில் சொன்னதாகவும் கூறினார். அதற்குப் பின் மனைவி மகளைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். “ஏன் கேக்காம விட்டான்னு நானும் யோசிக்கல. சரி, மறந்துட்டான்னு நெனச்சேன்” என்றார்.

அதாவது, தொற்றாது என்று தெரிந்த பிறகும் கணவர் மகளைக் காட்டவில்லை என்று நம்பிக்கொண்டே ஆவுடையாள் பதினொரு நாள் அந்த அறையில் இருந்திருக்கிறார். இதை அய்யப்பனிடம் விளக்கிச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் எழுந்து போனார்.

18. அம்மா கைப்பட எழுதிய தாளைத் தரும்படி சத்யா மருத்துவமனைக்கு விண்ணப்பம் அளித்திருக்கிறாள். நோயாளியின் இரகசியம் என்று மறுத்துவிட்டார்கள்.

19. தங்கள் மேலான கவனத்துக்கு நான் கொண்டுவர விரும்பும் முதன்மையான செய்தி இனிமேல்தான் இருக்கிறது. சூன் முதல் ஆகஸ்டு வரை ஆறும் அதற்கு மேலும் குறித்தவர்கள், ஆவுடையாளைத் தவிர, பதினொரு பேர். இரண்டாம் தாளும் எழுதி வாங்கப்பட்டது. அதன் பின்னும் அவர்களை ஓர் ஆலோசகரும் சந்திக்கவில்லை. இரண்டு நாட்களில் ஆள் வருவார் என்று என் வாயால் கேட்டவர்கள் அவர்கள். அவர்களுள் திருமயம் பக்கத்துச் சொக்கு என்ற முதியவர் பத்து என்று குறித்திருக்கிறார். இலுப்பூரைச் சேர்ந்த சொர்ணவல்லி என்பவர் ஒன்பது. இருவருடைய தொலைபேசியும் இப்போது அணைந்திருக்கிறது. நேரில் செல்ல முயன்றேன். நோயாளிகளைத் தொந்தரவு செய்வதாக மருத்துவமனையார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, இனி போவதில்லை என்று என்னிடம் எழுதி வாங்கிவிட்டார்கள்.

20. ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிந்து கோருகிறேன். இக்கேள்வித்தாளை அரசு மருத்துவமனைகளுக்கு எடுத்துக்கொள்ளும் கருத்துருவை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். கேள்விகள் தவறானவை அல்ல. கேட்டுவிட்டுப் பதிலை அலமாரியில் பூட்டி வைப்பதற்கு அவற்றைப் பயன்படுத்தினோம். மருத்துவர் திரு. சூர்யநாராயணன் மீதும், இறந்தவர் கையெழுத்தைப் பொய்யாக இட்ட என் மீதும் வழக்குப் பதிவுசெய்ய உத்தரவிட வேண்டும். ஆவுடையாளின் முதல் தாளை அவர் மகளிடம் கொடுக்கச் செய்ய வேண்டும்.

விசாரணைக்கு எத்தனை மாதம் ஆனாலும் அழைக்கும் நாளில் வந்து நிற்பேன். அந்தப் பதினொருவருக்கு அவ்வளவு நாள் இல்லை. அவர்களில் நால்வருக்கு அடுத்த ஊசி வரும் செவ்வாய்க்கிழமை. அன்றாவது, தாள் எதுவும் கையில் இல்லாத ஒருவரை அவர்களிடம் அனுப்பி, என்ன வேண்டும் என்று கேட்டு, கேட்டதை அன்றைக்கே செய்து கொடுக்கும்படி தங்களை இரந்து கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்புகள்:
1. ஒப்புதல் கடிதத்தின் நகல்
2. ஆவுடையாள் பெயரிலான இரு தாள்களின் நகல்கள்
3. நான் கையெழுத்துப் பழகிய காகிதம் (அசல்)
4. பணிநீக்க ஆணை
5. தனி உறையில்: ஆவுடையாள் குடும்பத்தின் முகவரியும், பதினொரு நோயாளிகளின் பெயர், ஊர், குறித்த எண், அடுத்த ஊசி நாள் ஆகியவையும்

நாள்: 17.11.2025
இடம்: புதுக்கோட்டை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
சூ. செல்வராணி
மனுதாரர், இரண்டாம் எதிரி